படி ஓலை போதும், மருமகனே

என் அக்கா மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எனக்கே இன்னும் வாயில் நுழையவில்லை. அண்ணாமலை நகரில் நாலு வருஷம் படித்தவன், அதற்கு மேல் ஒன்றரை வருஷம் வேலை தேடியவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் ஏறி, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, நேராக வீட்டுக்கு வந்தான். இனிப்புப் பெட்டியை நீட்டுவான் என்று பார்த்தால் ஒரு காகிதக் கட்டை நீட்டினான்.

“என்னாடா இது?”

“ஆஃபர் லெட்டர் மாமா. ரெண்டு வருஷம் பாண்டு. நடுவுல விட்டுட்டுப் போனா பணம் கட்டணுமாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவங்ககிட்டயே குடுத்து வைக்கணும்னு சொல்றாங்க. குடுக்கலாமா?”

வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி, வேலையில் சேருவது எப்படி என்று பாடம் சொல்கிற ஆள் நான் இல்லை. அதற்குத்தான் டை கட்டிக்கொண்டு கல்யாண மண்டபம் பிடித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்களே. ஆனால் நான் கடலூர்க்காரன். இவன் கேட்ட கேள்விக்கு நம் பக்கத்தில் சுமார் 1200 வருஷத்துக்கு முன்பே வழக்கு நடந்து தீர்ப்பும் வந்துவிட்டது. வாதி சிவபெருமான். பிரதிவாதி சுந்தரர்.

“சுந்தரர் கதை தெரியுமாடா?”

“சினிமால பாத்திருக்கேன் மாமா.”

“சரி, உட்கார்.”

பண்ருட்டிப் பக்கம் புத்தூரில் கல்யாணப் பந்தல். மாப்பிள்ளை திருநாவலூர்ப் பையன், முனையரையர் என்கிற சிற்றரசர் வீட்டில் செல்லமாக வளர்ந்தவன். முகூர்த்த நேரத்தில் குடையும் கோலுமாக ஒரு கிழவர் உள்ளே வந்தார். “நமக்குள்ளே ஒரு பழைய விவகாரம் இருக்கிறது, அதை முடித்துவிட்டு அப்புறம் தாலி கட்டு” என்றார். என்ன விவகாரம்? மாப்பிள்ளை அவருக்கு அடிமையாம். தாத்தா எழுதிக் கொடுத்த ஆள் ஓலை கையில் இருக்கிறதாம். இப்போதெல்லாம் கம்பெனிக்காரன் கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தால் ‘கேம்பஸ்’ என்று பூரித்துப்போகிறோம். இந்த முதலாளி மணமேடைக்கே வந்துவிட்டார்.

சுந்தரர், “உமக்கென்ன பைத்தியமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு ஓலையைப் பிடுங்கப் பாய்ந்தார். கிழவர் ஓட, மாப்பிள்ளை துரத்த, மாலையும் கழுத்துமாக ஓர் ஓட்டப்பந்தயம். கடைசியில் பிடுங்கிக் கிழித்தே போட்டார். இப்போதுள்ள பிள்ளைகள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர் படிக்காமல் கிழித்தார். எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனது. பெரியவர்கள் ஒழுங்காகவே விசாரித்தார்கள். இப்படி ஒரு வழக்கம் நடந்து வருகிறதா, பத்திரம் இருக்கிறதா, நேரில் கண்ட சாட்சி இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்றைக் காட்டு என்றார்கள். கிழவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “இவன் கிழித்தது படி ஓலை. மூல ஓலை என் மடியில் இருக்கிறது” என்றார். படி ஓலை என்றால் ஜெராக்ஸ். ஜெராக்ஸ் கடை வருவதற்குப் பதினோரு நூற்றாண்டுக்கு முன்பே நகலை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு திரிந்த மனுஷர் அவர். மூல ஓலை வெளியே வந்தது. தாத்தா வேறெதற்கோ எழுதிய ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவந்து கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்தியது. “தம்பி, நீ தோற்றாய். போய் வேலையைப் பார்” என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நின்றது. அந்த ஊருக்கு மணம் தவிர்ந்த புத்தூர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருவனுக்கு வேலை கிடைத்ததற்காக ஓர் ஊரே பெயரைச் சுமக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவையோருக்கு, “நம்மூர் என்கிறீரே, உம் வீடு எங்கே?” என்று கேட்கத் தோன்றியது. கிழவர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலுக்குள் நுழைந்தார். அப்புறம் ஆளைக் காணோம். சேருவதற்கு முன் ஆபீஸ் விலாசம் விசாரி என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

“அப்போ ஒரிஜினல் குடுக்கக் கூடாதுங்கிறீங்க.”

“மூல ஓலை யார் மடியில் இருக்கோ அவன்தான்டா முதலாளி. நீ படி ஓலையைக் கொடு.”

ஆனால் அந்த முதலாளியிடம் ஒரு பெருந்தன்மை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். என்ன வேலை என்று சுந்தரர் கேட்டபோது, “என்னைப் பாடு” என்றார். எப்படித் தொடங்குவது என்று திகைத்தபோது, “பைத்தியம் என்றாயே, அதிலிருந்தே தொடங்கு” என்றார். இன்டர்வியூவில் முதலாளியை வைதவனுக்கு, வைத வார்த்தையையே முதல் நாள் வேலையாகக் கொடுத்த நிர்வாகம் வேறு எங்கேயாவது உண்டா? ஐந்து சுற்று நேர்காணல் வைத்து, ‘ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்’ என்று கேட்டு ஆள் எடுக்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஆள் மாட்டுவானா?

சம்பளப் பக்கத்தைத் திருப்பினான். சி.டி.சி. என்று ஒரு பெரிய தொகை, அதற்குக் கீழே அதைக் கரைத்துக் கரைத்துப் பத்து வரி, கடைசியில் கைக்கு வருவது ஒரு சின்னத் தொகை.

இதற்கும் விருத்தாசலத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. சுந்தரர் அங்கே பாடி 12,000 பொன் வாங்கினார். வழியில் கள்ளர் பயம். முதலாளி ஒரு யோசனை சொன்னார்: “இங்கே மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்.” ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவதென்பது நமக்குப் பைத்தியக்காரத்தனத்துக்கு எடுத்துக்காட்டு, அவருக்கு வங்கிப் பரிமாற்றம். ஆனால் சுந்தரர் ஒரு தடவை பத்திரத்தில் மாட்டிக்கொண்டு பாடம் படித்தவர். பொன்னில் மாதிரிக்கு ஒரு துண்டு மச்சம் வெட்டி மடியில் வைத்துக்கொண்டுதான் ஆற்றில் போட்டார். திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்து உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. சொன்ன தரம் வேறு, கைக்கு வந்த தரம் வேறு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவில்லை. மறுபடி பாடி, மாற்றைச் சரிசெய்து முழுசாக வாங்கினார். அவரிடம் மச்சம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ‘சிஸ்டம்ல அப்படித்தான் வருது சார்’ என்று யாராவது ஒரு பூதகணம் சொல்லி அனுப்பியிருக்கும்.

“சம்பளம் பேசுனதை மெயில்ல வாங்கி வச்சியா?”

“போன்ல சொன்னாங்க மாமா.”

“மச்சம் வெட்டலை.”

அடுத்தது நோட்டீஸ். விலக வேண்டுமென்றால் 3 மாசம் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரை உழைக்க வேண்டும். பையனுக்கு இது கொடுமையாகப் பட்டது. நான் ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினேன். “நீ இறங்கி வந்தியே, இந்த ஊர்லதான்டா ஒருத்தர் வேலையை விட்டார். என்ன ஆனார் தெரியுமா?”

திருப்பாதிரிப்புலியூர்தான் அந்தக் காலத்துப் பாடலிபுத்திரம். கங்கைக் கரையில் இருப்பது இல்லை, கெடிலக் கரையில் இருப்பது. சமணர்களின் பெரிய கல்விக்கூடம் இங்கே இருந்தது. கி.பி. 458-ல் லோகவிபாகம் என்கிற நூலை எழுதி முடித்த இடம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். உலகம் எப்படி அமைந்திருக்கிறது என்று அளந்து சொல்லும் நூல். இன்றைக்கு இதே ஊரில் பஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்று அளந்து சொல்ல ஆள் இல்லை. போகட்டும். அங்கே 7-ஆம் நூற்றாண்டில் திருவாமூரிலிருந்து ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்து, படித்து, தருமசேனர் என்று பெயர் வாங்கித் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். வெற்றிக் கதை. திடீரென்று வயிற்றில் சூலை. நிர்வாகத்தின் மருத்துவ வசதி மயிற்பீலியும் மந்திரமும், அது எடுபடவில்லை. திருவதிகையிலிருந்த அக்கா திலகவதியாருக்குச் சொல்லி அனுப்பினார். “நான் அங்கே வர மாட்டேன், நீ இங்கே வா” என்று அக்கா சொல்லிவிட்டார். தருமசேனர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார். நோட்டீஸ் இல்லை, பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்கவில்லை, போட்டிக் கம்பெனியில் மறுநாளே சேர்ந்துவிட்டார். அவர்தான் அப்பர்.

பழைய நிர்வாகம் பல்லவ மன்னரிடம் புகார் கொடுத்தது. அப்புறம் நடந்ததுதான் நோட்டீஸ் பீரியட். சுண்ணாம்புக் காளவாயில் 7 நாள். வெளியே வந்தார். நஞ்சு கலந்த பால்சோறு. சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருந்தார். யானை, அது சுற்றி வந்து கும்பிட்டது. கடைசியாகக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். கல் தெப்பமாகி அவரைக் கொண்டுவந்து கரை சேர்த்த இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்று பெயர். இன்றைக்கும் கடலூரில்தான் இருக்கிறது; சித்திரையில் விழா நடக்கும்.

கதையின் உச்சம் அதற்குப் பிறகு. ராஜினாமாவை ஏற்க மறுத்த மன்னரே தானும் ராஜினாமா செய்து புதுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியைப் பிரித்து, அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஒரே ஒரு ஊழியரைப் போகவிடாமல் தடுத்ததில் ஆபீஸ் கட்டிடமே போயிற்று. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது முழுக்க விட்டுப்போனவர் தரப்புக் கதை. விட்டுப்போன கம்பெனியைப் பற்றி நல்லதாகப் பேசும் ஊழியர் எந்தக் காலத்திலும் கிடையாது. சமணர் தரப்பு விளக்கத்தை யாரும் நம்மிடம் சேர்க்கவில்லை.

“சாமி குத்தம் ஆயிடப் போவுது மாமா,” என்றான் பையன். சிதம்பரத்தில் நாலு வருஷம் இருந்தால் அந்தப் பயம் வந்துவிடும்.

சிதம்பரம் வேறு மாதிரி. அங்கே ஆள் எடுப்பதே கிடையாது, பிறப்பதுதான். பொதுதீட்சிதர் குடும்பத்தில் பிறக்க வேண்டும். அதுமட்டும் போதாது, கல்யாணம் ஆனால்தான் பூஜை முறை கிடைக்கும், சபையில் குரலும் கிடைக்கும். உலகத்தில் வேலை கிடைத்தால்தான் பெண் கொடுப்பார்கள். அங்கே பெண் கிடைத்தால்தான் வேலை கொடுப்பார்கள். தில்லை மூவாயிரவர் என்று பெயர். ஒரு முறை வருகைப் பதிவு எடுத்தபோது எண்ணிப் பார்த்தால் 2,999. மறுபடி எண்ணினார்கள், அப்போதும் 2,999. எல்லாரும் பதறிப் போக, “அந்த ஓர் ஆள் நான்தான்” என்று நடராஜரே குரல் கொடுத்துக் கணக்கை நேர் செய்தார் என்பது ஐதீகம். மஸ்டர் ரோலில் ஆள் குறைந்தால் முதலாளியே தன் பெயரை எழுதிக்கொண்ட ஒரே இடம். அதே ஊருக்குக் கிழக்கே, 1929-ல் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு தலையை எண்ணியபோது பிரச்சினை தலைகீழாக இருந்தது. தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆட்கள். அவர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. மேற்கே எண்ணினால் ஒன்று குறைகிறது, கிழக்கே எண்ணினால் ஆயிரக்கணக்கில் மிஞ்சுகிறது. அன்றைக்கு நடராஜர் குரல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அவரையும் உபரி என்று எங்காவது வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு ‘நேரில் வரவும்’ என்கிற வழக்கமும் சிதம்பரத்தில்தான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். ராஜராஜ சோழன் தேவார ஓலைகளைத் தேடி வந்தான். கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடப்பது தெரிந்தது. ராஜா கேட்கிறான், திறக்க வேண்டியதுதானே? “பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம்” என்றார்கள். மூவரும் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிவிட்டது. வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று கருவூலத்தில் போய்க் காட்டுகிற பென்ஷன்காரர்களுக்கு இந்த வலி புரியும். ராஜராஜன் சண்டை போடவில்லை. மூவரின் திருமேனிகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, “இதோ, நேரில் வந்துவிட்டார்கள்” என்றான். திறந்தார்கள். பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. விதியை மீறாமல் அதிகாரியை மீறுவது எப்படி என்று அரசு அலுவலகத்தில் காரியம் ஆக வேண்டியவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

தகுதிப் பத்தியில் வயது வரம்பு 25 என்று போட்டிருந்தது. 1924-ல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக உ.வே. சாமிநாதையரைக் கூட்டிவந்தார்கள். அவர் பிறந்தது 1855-ல். 69 வயதில் புது வேலை! கையில் பட்டம் கிடையாது. மகாமகோபாத்தியாயர் என்கிற விருதைக் காட்டினால் இன்றைய கணினி ‘கல்வித் தகுதி: பொருந்தாது’ என்று சிவப்பில் காட்டும். பிறகு அதே இடத்தில் தமிழ் நடத்திய பண்டிதமணி கதிரேசன் செட்டியார் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததே சொற்பம். இவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் எந்தப் படிவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். படிவமே பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார்கள் என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும்.

“லீவு வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் மாமா. அதுவும் மேனேஜர் ஒத்துக்கிட்டாதான்.”

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பேசாமல் இருந்தேன். லீவு கேட்டவர்களில் நம் பக்கத்தில் பெரிய பெயர் நந்தனார். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஆதனூர். கோயில் முரசுக்குத் தோல், யாழுக்கு நரம்பு எல்லாம் கொடுத்தவர். பொருள் உள்ளே போகலாம், கொடுத்தவர் உள்ளே போகக் கூடாது. இன்றைக்கும் பெரிய கட்டிடங்களில் பின்வாசல் வழியாக மட்டுமே வரும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சட்டம் மாறியிருக்கிறது, வாசல் அங்கேயேதான் இருக்கிறது. லீவு தர மறுக்கும் பண்ணையார் பெரியபுராணத்தில் கிடையாது. அவரைப் படைத்தது 19-ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். 40 வேலி நிலத்தையும் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்று ஒரு நிபந்தனை வேறு. ஒரே இரவில் அது நடந்தது என்று கதை போகிறது. அப்புறமும் தில்லையில் ஒரு கடைசிச் சுற்றுத் தேர்வு வைத்தார்கள்: நெருப்பில் இறங்கி வா. எல்லாவற்றையும் கேலி செய்கிற எனக்கு இந்தத் தேர்வில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

அடுத்த பக்கத்தில் வேலை விவரம். பதினைந்து வரி எழுதிவிட்டுக் கடைசியில், ‘நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகளும்’ என்று ஒரு வால். இந்த வாலுக்குச் சொந்த ஊர் தேவனாம்பட்டினம். எனக்குக் கடற்கரைக் காற்று வாங்கப் போகும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்த கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்தியர்களிடம் விலைக்கு வாங்கியது. புனித டேவிட் கோட்டை. பத்திரத்தில் எல்லை எப்படி எழுதியிருந்தது என்றால், பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை. நாலு பக்கமும் சுட்டார்கள். விழுந்த இடம் வரைக்கும் கம்பெனிக்கு. குண்டுக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஊர் இருக்கிறது, குண்டு சாலை என்று சாலை இருக்கிறது. வாங்குகிறவனே பீரங்கி வைத்து அளந்தால் அளவு எப்படி இருக்கும்? ‘பிற பணிகளும்’ என்று கம்பெனி எழுதினால் அர்த்தம் இதுதான். குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை உன் வேலை.

அந்தக் கம்பெனி ஆள் எடுத்த கதையைக் கேட்டால் இன்றைய எச்.ஆர். எல்லாம் வாயடைத்துப் போவார்கள். விதிமுறை சுத்தம். விண்ணப்பம் வேண்டும், எழுத்தும் கணக்கும் பயின்றவன் என்று எழுதித் தர வேண்டும், லண்டனில் ஒரு டைரக்டர் பரிந்துரைக்க வேண்டும், ஜாமீன் வேண்டும். இத்தனை சல்லடையில் சலித்து 1744-ல் மதராசுக்கு ஒரு குமாஸ்தா வந்து இறங்கினான். வயது 18. பெயர் ராபர்ட் கிளைவ். வருஷச் சம்பளம் 5 பவுண்டு. மாசத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. கப்பல் பிரேசிலில் தரைதட்டி மாதக்கணக்கில் நின்றதில், சேருவதற்கு முன்னாலேயே கடன். மேஜை வேலை பிடிக்கவில்லை. சக ஊழியர்களோடு ஒத்துப்போகவில்லை. தகுதிகாண் பருவத்திலேயே வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்துக்கொண்டார்கள். கிளைவ் இந்தியனைப் போல வேஷம் போட்டுக்கொண்டு தப்பி, நம் தேவனாம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே கோட்டையைக் காக்க ஆள் பஞ்சம். பேனா பிடிக்கத் தெரியாத குமாஸ்தாவிடம் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். 1747-ல் என்சைன் ஆனான். அடுத்த வருஷம் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்கிற மேஜர் வந்து, கலைந்து கிடந்த கம்பெனி ஆட்களை வரிசையில் நிற்கப் பழக்கினார். இந்திய ராணுவத்தின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். நம்மூர்க் கடற்கரை மணலில்தான் அது நடந்தது. இன்றைக்கு அங்கே மாங்காய் பத்தையும் சுண்டலும் விற்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கொஞ்ச நாளில் கிளைவுக்கு இன்னொரு பொறுப்பு வந்தது. படைக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிற வேலை. வாங்குகிற ஒவ்வொன்றிலும் கமிஷன். சம்பளம் 5 பவுண்டு என்று வைத்தால் கிம்பளத்துக்கு எல்லை வைக்க முடியாது என்று கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தார்கள். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்தான் என்று சந்தோஷப்படும் முதலாளி, மீதியை அவன் எங்கிருந்து எடுத்துக்கொள்கிறான் என்று பார்ப்பதில்லை. ஆற்காடு, அப்புறம் சீமை, மறுபடி 1756 ஜூனில் புனித டேவிட் கோட்டைக்கே துணை ஆளுநராக வந்து உட்கார்ந்தான். அதே மாதம் கல்கத்தா விழுந்தது. கிளைவ் வடக்கே போனான். 1757-ல் பிளாசி. அடுத்த வருஷம் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினான். நம் ஆள் அதற்குள் வங்காளத்தில் செட்டிலாகிவிட்டார். பின்னாளில் லண்டனில் பாராளுமன்றம் விசாரித்தபோது, தான் எடுத்துக்கொண்டது எவ்வளவு கொஞ்சம் என்று நினைத்துத் தானே வியப்பதாகச் சொன்னாராம்.

அதே காலத்தில் பக்கத்துப் புதுச்சேரியிலும் ஒரு நாற்காலி காலியாகிப் பெரிய ரகளை. 1746-ல் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர், கனகராய முதலியார் இறந்தார். யாரைப் போடுவது? ஆளுநர் துப்ளெக்ஸுக்கு ஒரு யோசனை, அவர் மனைவிக்கு வேறு யோசனை. பொறுப்பு என்னவோ ஆனந்தரங்கப் பிள்ளை தலையில் விழுந்தது. பதவி மட்டும் இழுத்துக்கொண்டே போனது. யார் யாரிடம் என்ன சொன்னார், யார் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதையெல்லாம் பிள்ளை தினமும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். வேலைக்குக் காத்திருந்தவனே எழுதிய நேர்காணல் அறிக்கை உலகத்தில் வேறு எங்கும் இவ்வளவு நீளத்துக்குக் கிடையாது. நம் பையனும் ஒன்றரை வருஷம் காத்திருந்தான். அவன் எழுதியதெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

மணி பன்னிரண்டாகிவிட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து, “அவன் கேட்டது ஒரு கேள்வி, நீங்க எத்தனை ராஜாவைக் கூப்பிடுவீங்க?” என்று குரல் கொடுத்தாள். இன்னும் ஒரே ஒரு ராஜா என்றேன். ஏனென்றால் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ‘உங்கள் நடத்தைக்குச் சான்று தரக்கூடிய இருவர்’ என்று இருந்தது.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் அனந்தீஸ்வரர் கோயில். அங்கே ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொன்னியின் செல்வன் படித்தவர்கள், பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த விவகாரம் தெரியும். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்த உத்தரவு. பெயர்களைப் பாருங்கள். ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன். அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது ராஜாக்கள் பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். அண்ணன் பட்டத்தில் பாண்டியன், தம்பி பட்டத்தில் சோழன். ஒரே வீட்டில் இரண்டு கம்பெனியின் அடையாள அட்டையும் இருந்திருக்கிறது. பட்டம் கட்டியபோது யாராவது ஒருவர், “தம்பி, உங்கண்ணன் எங்கே வேலை பார்க்கிறார்?” என்று கேட்டிருக்கலாம்.

ராஜராஜன் கேட்கவில்லை, கேட்க வேண்டிய காலத்தில் அவன் ராஜாவும் இல்லை. ஆனால் பிறகு கணக்குத் தீர்த்த விதம் இருக்கிறதே! துரோகிகள் சொத்து மட்டும் போகவில்லை. உடன்பிறந்தார், பிள்ளைகள், மனைவிமார், தாய்மார், பெரியப்பன் சித்தப்பன், மாமன், பெண் எடுத்தவன், பெண் கொடுத்தவன் என்று உறவுமுறை சொல்லிச் சொல்லி எல்லார் சொத்தும் போகிறது. கல்யாணப் பத்திரிகைக்கு ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போடுகிற பட்டியலைவிட நீளம்.

“அது யாரு மாமா, மாமனையும் சேத்தா புடிச்சாங்க?”

“ஆமாம்டா. மாமனையும் சேர்த்து.”

பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் கட்டின் கடைசித் தாளை உருவி என் முன்னால் வைத்தான். நூறு ரூபாய் முத்திரைத்தாள். கீழே இரண்டு கோடு. ஒன்றில் அவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

“இது என்னா?”

“ஜாமீன்தாரர் மாமா. நான் நடுவுல ஓடிட்டா நீங்க பணம் கட்டணும். அப்பா போட மாட்டேன்னுட்டாரு. அம்மா சொன்னாங்க, மாமாகிட்ட போ, அவர் எதுவும் படிக்காம போட்டுடுவாருன்னு.”

அக்கா சொல்லிவிட்டாள். திருவதிகையிலிருந்து அன்றைக்கு வந்த செய்தியும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் கண்ணாடியைத் தேடினேன். தாளை முழுசாகப் படித்தேன், இரண்டு பக்கமும். சுந்தரரின் தாத்தா படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

“பேனா இருக்காடா?”

“இருக்கு மாமா.”

“முதல்ல போய் இதை ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ரெண்டு காப்பி.”